பிசியோதெரபி நடக்கும்போது ஆக்குபேஷனல் தெரபி எதற்கு? வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தினமும் பிசியோதெரபி நடக்கிறது. ஆக்குபேஷனல் தெரபியும் பாருங்கள் என்கிறார் மருத்துவர். இரண்டும் ஒன்றில்லையா? வீட்டில் நாங்கள் எப்படி உதவ வேண்டும்?

பதில்: நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. 4 ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கும் இதே இடது பக்கம் விழுந்தது. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் அப்பாவுக்கு எது பொருந்தும் என்பதைச் சிகிச்சை அளிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் ஆக்குபேஷனல் தெரபி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மாவைச் சேர்த்திருந்த மருத்துவமனையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், நன்றாகவே செய்தார். நான்கு கால் ஊன்றுகோலை வலது கையில் பிடித்துக்கொண்டு அம்மா கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்தார். பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டார். பல் துலக்கிவிட்டது, குளிப்பாட்டியது, உடுத்திவிட்டது, ஊட்டியது எல்லாம் நானும் என் மனைவியும். நடை வந்துவிட்டது, நடந்து போய்ச் செய்வதற்குத்தான் வேலை எதுவும் இல்லை.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் திருச்சியில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போனோம். பெயரைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். "எனக்கு இனி என்ன தொழில்? வேலையை விட்டுத்தான் ஆறு வருஷம் ஆகிறதே." தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதுவதாலும் இந்தக் குழப்பம் வருகிறது. இங்கே தொழில் என்பது சம்பள வேலை அல்ல. ஒரு மனிதர் நாள் முழுவதும் எதில் ஈடுபட்டிருக்கிறாரோ அதெல்லாம் இதில் அடக்கம். குளிப்பது, கோலம் போடுவது, பேரனுக்குத் தலை வாரிவிடுவது, பள்ளிக்கூடம் போவது, சாமி கும்பிடுவது எல்லாமே. 'காலுக்குப் பிசியோ, கைக்கு ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி)' என்று சிலர் சொல்வார்கள். தவறு. உடம்பின் அசைவையும் பலத்தையும் மீட்பது முதலாவதின் முக்கிய வேலை. மீண்டதையும் மீளாததையும் வைத்துக்கொண்டு அன்றாடத்தை எப்படி நடத்துவது என்பது இரண்டாவதின் வேலை. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் வேண்டும்.

முதல் நாள் தெரபிஸ்டான அந்தப் பெண் அம்மாவின் கையைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார். "காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை நீங்கள் செய்துகொண்டிருந்ததில் எதை மறுபடியும் செய்ய ஆசை?" நான் முந்திக்கொண்டு, "தனியாக நடந்தால் போதும்" என்றேன். "அம்மா சொல்லட்டும்" என்றார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெங்காயம் நறுக்க வேண்டும்" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. திருச்சி வரை கார் வைத்து வந்தது இதற்கா? ஆனால் அம்மா சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் சமைத்தவர். அரிவாள்மணையில் உட்கார்ந்தால் பேசிக்கொண்டே மூன்று கிலோ வெங்காயத்தை முடித்துவிடுவார். மூன்று மாதமாக அவரை நாங்கள் அடுப்படிப் பக்கமே விடவில்லை. பாசம்தான், ஆனால் அவருடைய நாளை நாங்கள்தான் பிடுங்கி வைத்திருந்தோம்.

அடுத்து தெரபிஸ்ட் செய்தது வெங்காயம் நறுக்குவதைப் பிரித்துப் பார்ப்பது. தரையில் உட்கார்வது, மணையைக் காலால் அழுத்துவது, ஒரு கையால் பிடிப்பது, மறு கையால் தள்ளுவது, கத்திக்கு எவ்வளவு தூரத்தில் விரல் இருக்கிறது என்று பார்ப்பது, களைத்துப்போவதற்குள் நிறுத்துவது. இதில் எது முடிகிறது, எது பயிற்சியில் வரும், எதற்கு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அரிவாள்மணை கூடாது என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. காரணம் கை அல்ல, கவனம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்கும் இடது பக்கம் என்பதால். உடம்பின் இடது பக்கத்தை இயக்குவது மூளையின் வலது பக்கம். அங்கே பாதிப்பு வந்தால் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனத்தில் பதிவதில்லை. கண் பார்வையில் கோளாறு இல்லாவிட்டாலும் கவனம்தான் அந்தப் பக்கம் போகாது. அம்மா தட்டில் இடது பக்கத்துச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, "பொரியல் வைக்கவில்லையா?" என்று கேட்பார். பொரியல் இடது ஓரத்தில் இருக்கும். பிடிவாதம் என்று நினைத்து என் மனைவி மனம் நொந்திருக்கிறாள். தட்டின் இடது விளிம்பில் அகலமாகச் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு தெரிகிற வரை தலையைத் திருப்பிப் பாருங்கள், பிறகு சாப்பிடுங்கள்" என்று பழக்கினார் தெரபிஸ்ட். செய்தித்தாளுக்கும் அதே வழிதான், இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. உங்கள் அப்பா வாசற்படியில் இடது தோளை இடித்துக்கொள்கிறாரா, முகத்தில் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்கிறாரா என்று கவனித்துச் சொல்லுங்கள். மருத்துவமனையின் பத்து நிமிடத்தில் இதெல்லாம் தெரிய வராது, வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

வெங்காயத்துக்கு வருகிறேன். தச்சரிடம் ஒரு பலகை செய்து வாங்கினோம். நடுவே துருப்பிடிக்காத இரண்டு ஆணிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் பிடித்துக்கொள்ள இன்னொரு கை தேவையில்லை. ஒரு மூலையில் இரண்டு பக்கமும் சட்டம் அடித்திருக்கும், தோசையையோ ரொட்டியையோ அதில் அணைத்துக்கொண்டு ஒரே கையால் பிய்க்கலாம். அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம், நகராது. இடது கை வெறுமனே மடியில் கிடக்கக் கூடாது, பலகையின் மேலேயே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது தெரபிஸ்டின் கட்டளை. முதல் நாள் அரை வெங்காயம், 20 நிமிடம். நான் பக்கத்தில் நின்றுகொண்டு என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். உண்மையாகவே கட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் பிடுங்கி நறுக்கியிருப்பேன்.

பார்த்துக்கொள்பவர்களுக்குக் கடினமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தூக்குவது, துடைப்பது எல்லாம் பழகிவிடும். அவர் சட்டைப் பொத்தானோடு பத்து நிமிடம் போராடும்போது எட்டிப் போட்டுவிடாமல் இருப்பதுதான் பழக நாளாகிறது.

நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை எழுப்பும்போது இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். தசை தளர்ந்த தோள்மூட்டு சுலபமாக இறங்கிவிடும். அந்த வலியில் அம்மா இரண்டு மாதம் தூங்கவில்லை. கையையோ அக்குளையோ பிடித்து இழுக்காதீர்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்து முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்தால் உடம்பு தானாகவே எழும். நீங்கள் இடுப்பில் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டால் போதும். கட்டில் தாழ்வாக இருந்தால் கட்டில் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். உங்கள் முதுகும் தப்பும்.

இன்னொரு தவறு வாட்ஸ்அப்பில் வந்தது. நல்ல கையைக் கட்டிப்போட்டால் விழுந்த கை வேலை செய்யத் தொடங்கும் என்று ஒரு காணொளி. ஒரு மதியம் அம்மாவின் வலது கையைத் துண்டால் கட்டினேன். ஒரு மணி நேரம் பொறுத்தவர், பிறகு எனக்கு விட்ட வசவை இங்கே எழுத முடியாது. அது பொய்யான முறை அல்ல, அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் வளர்த்தெடுத்த, ஆய்வுகளில் பலன் காட்டிய சிகிச்சைதான். ஆனால் மணிக்கட்டிலும் விரல்களிலும் ஓரளவு நிமிர்த்தும் அசைவு ஏற்கெனவே இருப்பவர்களுக்கானது. அம்மாவுக்கு அது இல்லை. அதை அளந்து சொல்லத்தானே ஆள் இருக்கிறார் என்று தெரபிஸ்ட் என்னைக் கடிந்துகொண்டார்.

உடை விஷயம் ஆண்களுக்குச் சுலபம். போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். வேட்டியை ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைக்கலாம். அம்மா நைட்டியோடு வாசலுக்கு வர மாட்டேன் என்று மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தவர். தெருக்கோடித் தையற்காரர் கொசுவத்தை நிரந்தரமாகத் தைத்து, இடுப்பில் ஒட்டுப்பட்டை வைத்துக் கொடுத்தார். அன்று மாலையே அம்மா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எந்த உடற்பயிற்சியும் அவரை அவ்வளவு தூரம் கொண்டுபோகவில்லை.

அம்மாவின் இடது கைக்குச் சூடு தெரியாது. குளிக்கும் நீரை வலது கையால் தொட்டுப் பார்க்காமல் ஊற்றக் கூடாது, சுடு டம்ளரை இடது கைப்பக்கம் வைக்கக் கூடாது என்று தெரபிஸ்ட் எங்களைப் பழக்கினார். அவர் வேலூரில் படித்தவர். தொழுநோயால் உணர்ச்சி இழந்த கைகளுக்குப் பால் பிராண்ட் என்ற மருத்துவர் அங்கே அறுவைச் சிகிச்சை செய்த காலத்திலேயே, வெட்டிச் சரிசெய்வது பாதி வேலைதான், அந்தக் கையால் சுட்டுக்கொள்ளாமல் பிழைக்கக் கற்றுக்கொடுப்பது மீதி வேலை என்று உணர்ந்து நோயாளிகளுக்குத் தச்சுவேலை பழக்கினார்கள் என்றார். மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். அவர் பெயரிலான மறுவாழ்வு நிலையம் வேலூரில் 1966இல் தொடங்கியது. இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பை 1950இல் மும்பையில் கமலா நிம்ப்கர் என்பவர் தொடங்கினார். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இது நேற்று முளைத்த நாகரிகச் சிகிச்சை என்று என் மாமா ஒரு நாள் முழுக்க வாதாடினார்.

காத்திருக்கும் அறையில் நான் பார்த்ததும் ஒரு பாடம். ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையன் ஒருவன், சட்டைக் காலரில் இருக்கும் துணிச்சீட்டு உறுத்துகிறது என்று பள்ளிக்குப் போகமாட்டான். அவனுடைய அம்மா செய்தது, சீட்டுகளை வெட்டி எடுத்தது, காலையில் பள்ளிக்கு முன் தண்ணீர்க் குடம் தூக்கவும் சப்பாத்தி மாவு பிசையவும் விட்டது. கால்சட்டை போடும்போது எல்லாவற்றையும் அம்மா செய்வார், கடைசியாக இடுப்புக்கு ஏற்றிவிடுவது மட்டும் அவன். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. கடைசியிலிருந்து தொடங்குவதால் ஒவ்வொரு தடவையும் அவன்தான் வேலையை முடிக்கிறான். ஊஞ்சலும் வண்ண விளக்கும் நிறைந்த அறையைக் காட்டிப் பணம் கேட்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். புலன் சார்ந்த அந்த முறைகளைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. "இதனால் வீட்டில் எந்த வேலை மாறும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

மறதி நோய் வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் அங்கே வருவார். மாலையானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசலில் நின்று அடம்பிடிப்பார், வீட்டில் இருந்துகொண்டே. அவருடைய மனைவி பழைய நோட்டுகளையும் சிவப்புப் பேனாவையும் மேஜையில் வைப்பார். மனிதர் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்துவிடுவார். அவருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர முடியாது, கைக்குப் பழகிய வேலையையும் வீட்டின் அமைப்பையும்தான் மாற்றிப் பார்க்க முடியும்.

பார்த்துக்கொள்பவர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது முறை போனபோது தெரபிஸ்ட் என் மனைவியிடம், "நீங்கள் மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நான் அதுவரை கேட்டதே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் அட்டவணையிலேயே அவளுக்கு மதியம் இரண்டு முதல் மூன்று வரை என்று ஒரு மணி நேரம் எழுதி, அந்த நேரத்துக்கு என்னையோ என் தங்கையையோ பெயர் போட்டுப் பொறுப்பாக்கினார். உங்கள் வீட்டிலும் அந்த வேலை ஒரே ஆளின் தலையில், அநேகமாக ஒரு பெண்ணின் தலையில், விழுந்திருக்கும். இன்றைக்கே பிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது என்றால், முதலில் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தமிழக அரசின் 'விழுதுகள்' மையங்களில் இந்தச் சிகிச்சையும் உண்டு. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான நிறுவனம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவர்கள் பிசியோதெரபி செய்வார்கள், நல்லதுதான், ஆனால் அது ஆக்குபேஷனல் தெரபி அல்ல. அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவையுங்கள்.

முதல் தடவை போகும்போது ஸ்கேன் கோப்போடு குளியலறை, கழிப்பறை, கட்டில் இவற்றின் புகைப்படங்களும் எடுத்துப்போங்கள். வாசற்படியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அப்பா சாப்பிடுவதை இரண்டு நிமிடம் காணொளி எடுங்கள். கிளம்புமுன் அவருக்கு எதை மறுபடி செய்ய ஆசை என்று அவரிடமே கேளுங்கள், பதில் உங்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும் திருத்தாதீர்கள்.

அம்மாவின் இடது கை இன்றும் பெரிதாகத் திரும்பவில்லை. சாம்பார் வெங்காயம் அவர் பொறுப்பு. துண்டுகள் பெரிதாக இருக்கின்றன என்று என் மகள் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. பலகை 12 அங்குல நீளம், 9 அங்குல அகலம், ஆணி முக்கால் அங்குலம் வெளியே தெரிய வேண்டும். வேலை முடிந்ததும் ஆணிகளின் மேல் ஒரு தக்கையைச் செருகிவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால்.