கேள்வி–பதில்: இலை எடுக்க ஆள் இருக்கிறாரா?

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில் 64 ஜிபி ரேம் இருக்கிறது. 'ஃப்ரீ' கட்டளை போட்டால் ஒரு ஜிபிகூட காலியாக இல்லை என்று காட்டுகிறது. பயந்துபோய், மணிக்கொரு முறை கேஷைக் காலி செய்யும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் வசதி) ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒருமுறை டிஸ்க்கிலிருந்து படித்த கோப்பை, மறுபடி யாராவது கேட்பார்கள் என்றுதான் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ரேமில் வைத்துக்கொள்கிறது. அதுதான் கேஷ். மெமரியைக் கெர்னல் 'பக்கம்' என்ற சின்னத் துண்டுகளாகவே கையாளும். மாற்றம் எதுவும் செய்யாத கோப்புப் பக்கம் என்றால், வேறு யாருக்காவது இடம் தேவைப்படும்போது அதை எங்கும் எழுதி வைக்காமல் அப்படியே விட்டுவிடலாம், ஏனென்றால் அசல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் மணிக்கொரு முறை அத்தனையையும் துடைத்துவிடுவதால் எல்லாப் புரோகிராம்களும் மறுபடி டிஸ்க்குக்கு ஓடுகின்றன. 'ஃப்ரீ' என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், அதே வரியின் கடைசியில் 'அவெய்லபிள்' என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். 2014இல் வந்த 3.14 கெர்னல் முதல் அந்தக் கணக்கைக் கெர்னலே போட்டுத் தருகிறது.

கேள்வி: 'டாப்' போட்டுப் பார்த்தால் அவ்வப்போது 'கே-ஸ்வாப்-டி 0' என்று ஒன்று சிபியுவைத் தின்கிறது. கில் செய்தாலும் போக மாட்டேன் என்கிறது. இது என்ன, எப்படி ஒழிப்பது?

பதில்: அது கெர்னலின் சொந்த வேலையாள், உங்கள் கில் கட்டளைக்கு அடங்காது. ஒழிக்கவும் வேண்டாம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டு நாட்கணக்கில் அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு எழுந்தவர்களின் இலையை எடுத்து இடத்தைத் துடைத்து வைக்க ஒருவர் இருப்பார். அவர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டே வந்தால், அடுத்து வருகிறவர் நேராக உட்கார்ந்துவிடலாம். அவரால் ஈடுகொடுக்க முடியாமல் போனால், பசியோடு வந்தவரே எச்சில் இலையை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். கே-ஸ்வாப்-டி அந்த இலை எடுப்பவர். வந்தவரே எடுப்பதற்குக் கெர்னல்காரர்கள் 'டைரக்ட் ரீக்ளெய்ம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மெமரி கேட்ட புரோகிராம் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு, தானே போய்ப் பழைய பக்கங்களைத் தேடி விடுவிக்க வேண்டும்.

இதற்கு மூன்று கோடுகள் உண்டு: மின், லோ, ஹை. காலி மெமரி லோ கோட்டுக்குக் கீழே இறங்கினால் கே-ஸ்வாப்-டி விழித்துக்கொள்ளும், ஹை கோட்டைத் தொடும்வரை வேலை செய்துவிட்டுத் தூங்கப் போகும். அதற்குள் மின் கோடு வரை இறங்கிவிட்டால் கேட்டவரே இலை எடுக்க வேண்டியதுதான். ஆக, லோவுக்கும் மின்னுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அந்த வேலையாளுக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டேட்டாபேஸ் சர்வரும் உங்களுடையது போல 64 ஜிபிதான். ஐந்து மில்லி நொடியில் முடியும் கேள்விகள், ராத்திரி இரண்டு மணி பேக்கப் ஓடும்போது மட்டும் சில சமயம் இரண்டு நொடி எடுக்கும். நெட்வொர்க் மேல் சந்தேகப்பட்டே மூன்று வாரம் போனது. அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து, கெர்னல் தன் மெமரிக் கணக்குகளைக் காட்டும் 'விஎம்ஸ்டாட்' கோப்பை நொடிக்கொரு முறை படித்துப் பார்த்தேன். 'அல்லோக்-ஸ்டால்' என்று தொடங்கும் எண்கள் அதுவரை அசையாமல் இருந்தவை, இரண்டு அடித்ததும் மளமளவென்று ஏறின. மெமரி கேட்டவர்களே இலை எடுக்கப் போன கணக்கு அது. அந்தக் கோடுகளின் இடைவெளியைத் தீர்மானிக்கும் 'வாட்டர்மார்க் ஸ்கேல் ஃபேக்டர்' என்ற அமைப்பு அந்த மெஷினில் வழக்கமான 10இல் இருந்தது, அதாவது மொத்த ரேமில் 0.1 சதவீதம், 64 ஜிபிக்குச் சுமார் 65 எம்பி. பேக்கப் நொடிக்கு 500 எம்பி வேகத்தில் எழுதினால் அந்த அவகாசம் எவ்வளவு தாங்கும்? ஒரு நொடியில் சுமார் எட்டில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பேக்கப் எழுதிய பக்கங்கள் இன்னும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராதவை, அவற்றைச் சட்டென்று தூக்கிப் போடவும் முடியாது.

10ஐ 100 ஆக்கினேன். கே-ஸ்வாப்-டி சீக்கிரமே எழுந்து வேலையைத் தொடங்கியது, இரண்டு நொடித் தாமதம் போயிற்று. இதற்கு விலையும் உண்டு: சுமார் ஒரு ஜிபி மெமரி காலியாகவே ஒதுங்கிக் கிடக்கும். எங்களுக்கு அது கட்டுப்படியானது. 8 ஜிபி லேப்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கே-ஸ்வாப்-டி அவ்வப்போது ஓடினால் நல்லதுதான், வேறு யாரும் ஓட வேண்டியதில்லை என்று அர்த்தம். நிமிடக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே நின்றால் மட்டும் அதே விஎம்ஸ்டாட் கோப்பில் உள்ள 'பிஜி-ஸ்கேன்', 'பிஜி-ஸ்டீல்' என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது தேடிய பக்கங்கள், இரண்டாவது விடுவித்தவை. தேடியது மலையளவும் கிடைத்தது கடுகளவும் என்றால் நிஜமாகவே மெமரி போதவில்லை.

கேள்வி: ஸ்வாப் இருந்தால்தானே மெஷின் மெதுவாகிறது? முழுவதும் அணைத்துவிட்டால் என்ன?

பதில்: நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்வாப் என்பது ரேமில் இடம் போதாதபோது பக்கங்களை இறக்கி வைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம். ஸ்வாப் இல்லையென்றால் புரோகிராம்கள் தாமாக உருவாக்கிக்கொண்ட டேட்டாவை, அது மூன்று நாளாக யாரும் தொடாததாக இருந்தாலும், வெளியேற்ற வழியே கிடையாது. அப்போது கெர்னலின் கைக்கு எட்டுவது கோப்புப் பக்கங்கள் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நிரல் வரிகளும் கோப்புப் பக்கங்கள்தான்! அவற்றையே தூக்கி எறிந்துவிட்டு அடுத்த கணமே திரும்பப் படிக்கும், மறுபடி எறியும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது, மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும் ஓஓஎம் கில்லரும் உடனே வராது. ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் எண்ணை (வழக்கமாக 60) குறைத்துப் பார்க்கலாம். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் வைத்திருந்தால் நேர்மாறாக 100க்கு மேல் ஏற்றலாம், 5.8 கெர்னலிலிருந்து 200 வரை போக முடியும்.

கேள்வி: போனில் தினமும் எல்லா ஆப்பையும் 'கிளியர் ஆல்' செய்கிறேன். நல்லதா?

பதில்: வேண்டாம். ஆண்ட்ராய்டுக்குள்ளும் இதே லினக்ஸ் கெர்னல்தான். இடம் வேண்டுமென்றால் அதுவே பழைய ஆப்பை மூடிக்கொள்ளும். நீங்கள் மூடியதைத் திரும்பத் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குப் பேட்டரியும் செலவு.

கேள்வி: சார், நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கடைசியாகப் பயன்படுத்திய பக்கம் எது என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? புராஜெக்ட் செய்ய ஆசை.

பதில்: அருமையான கேள்வி, இதில்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை தொடும்போதும் குறித்து வைக்க முடியாது, அதுவே பெரும் செலவாகிவிடும். 1979இல் பெர்க்லியில் 3பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு வந்தபோது, வேக்ஸ் கணினியில் 'இந்தப் பக்கத்தைத் தொட்டார்கள்' என்று குறிக்கும் பிட்டே இல்லை. ஓசல்ப் பாபாவோலுவும் பில் ஜாயும் பக்கத்தை வேண்டுமென்றே செல்லாததாகக் குறித்து வைத்து, யாராவது தொட்டால் வரும் ஃபால்ட்டை (பிழை அறிவிப்பை) வைத்துக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஆக்டிவ், இன்ஆக்டிவ் என்று இரண்டு பட்டியல்களோடு வெகுகாலம் ஓட்டியது. 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலில் கூகுளின் யூ ஜாவ் எழுதிய மல்டி-ஜென் எல்ஆர்யு சேர்ந்தது (எல்ஆர்யு என்றால், வெகுநேரம் தொடாத பக்கத்தை முதலில் வெளியேற்றும் முறை). அது பக்கங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கிறது. குரோம் ஓஎஸ்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கே-ஸ்வாப்-டியின் சிபியு செலவு 40 சதவீதம் குறைந்ததாகக் கூகுள் தெரிவித்தது.

புராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபி ரேம் கொடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷின் போடுங்கள், 4 கேபி பக்கம் என்றால் மொத்தம் 2,62,144 பக்கங்கள், கையாள வசதியான அளவு. அதைவிடக் கொஞ்சம் பெரிய கோப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கும் சின்ன சி புரோகிராமை ஓடவிட்டு, மல்டி-ஜென் எல்ஆர்யுவை ஒருமுறை போட்டும் ஒருமுறை அணைத்தும் (ரீபூட் தேவையில்லை) அந்த ஸ்கேன், ஸ்டீல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.