கொப்பியில் இல்லாத பக்கம் அம்மாவிடம் இருந்தது

“கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த நாட்களில் உங்களுக்குச் சந்தோஷம் தந்த சின்ன விஷயம் எது? நெடுநாள் ஆசை ஏதாவது நிறைவேறியதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே கிடைத்தன. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்பு படுவான்கரையில் பிறந்தவள். வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம் படுவான்கரை. கிழக்கே, கடலோரம், பொழுது எழுகிற பக்கம் எழுவான்கரை. நான் படித்ததும் இப்போது படிப்பிப்பதும் எழுவான்கரையில். கல்லடியில் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறில் மட்டும் வீட்டுக்கு வருவேன். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். காத்து நின்றே பொழுது போய்விடும் என்பதால் வந்தால் இரண்டு நாள் தங்குவேன். பாலம் வந்த பிறகுதான் நான் வீட்டில் தங்குவது குறைந்தது. வருவேன், சாப்பிடுவேன், உடுப்புத் தோய்ப்பேன், திரும்பிப் போய்விடுவேன்.

2020 மார்ச் 12ஆம் திகதி பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். ஒரு கிழமைக்குப் போதுமான உடுப்போடு ஊருக்கு வந்தேன். மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணியிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. அப்பாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அந்தக் காலத்து ஊரடங்கில வெளக்குப் போட ஒண்ணா மனே. இப்ப லைட் எரியிதுதானே, பேசாம இரி” என்றார்.

முதல் மூன்று கிழமையும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். விடிந்தால் போனைத் திறந்து எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்ப்பேன். அப்பாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது. அவர் இரவில் இருமினால் என் நித்திரை போய்விடும். என் வகுப்பில் 34 பிள்ளைகள். அதில் வட்ஸ்அப் உள்ள போன் ஒன்பது வீட்டில்தான் இருந்தது. அந்த ஒன்பது பேருக்குப் பாடம் அனுப்பும்போது மற்ற 25 பேரின் முகம் வந்து நிற்கும். சித்திரைப் புத்தாண்டும் அப்படியே வந்து போனது. கோயிலுக்குப் போகவில்லை, ஊஞ்சல் கட்டவில்லை. அப்பா கைவிசேஷம் தந்தார், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஊரை உண்மையில் வாட்டியது வேறொன்று. அது கூத்துக் காலம். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து கையில் காசும் ஓய்வும் இருக்கும் மாதங்களில்தான் மட்டக்களப்பில் கூத்து அரங்கேறும். அதற்கு மாதக்கணக்கில் ஆயத்தம் நடக்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளைத் தெரிவு செய்து ஒவ்வொருவருக்கும் பாட்டை எழுதிக் கொடுப்பதைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்போம். மறுகா சதங்கை அணிதல், கிழமைதோறும் ஆடிப் பார்க்கிற கிழமைக் கூத்து, முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கிற அடுக்குப் பார்த்தல், கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம். அந்த வருஷம் எங்கள் ஊரில் அடுக்குப் பார்த்து முடித்து அரங்கேற்றத்துக்கு நாளும் வைத்திருந்தார்கள். கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரிக்கு மண் கொட்டிக் குவித்திருந்தது. ஊரடங்கு முடியுமட்டும் அந்த மண் கும்பி அப்படியே கிடந்து, மேலே புல்லும் முளைத்துவிட்டது.

அப்பா ஒரு காலத்தில், எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடி ஆடியவர். பாரதப் போர்க் கதையில் அபிமன்யு. விரிந்து நிற்கிற கரப்புடுப்பும் தலையில் கிரீடமும் போட்டுக்கொண்டு அவர் களரிக்கு வந்தால் வட்டமாய் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சனம் எழும்பி நின்றது என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது எங்கள் ஊரில் இரவில் கூடுவது நின்றது. திரும்பவும் கூத்துத் தொடங்கியபோது அப்பாவுக்கு வயதும் போய், முட்டும் வந்திருந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசைதான். காலில் சதங்கை கட்டி ஒரு வரவு, அதாவது பாத்திரம் களரிக்கு வரும்போது ஆடுகிற ஆட்டம், ஆடிவிட வேண்டும். எங்கள் ஊர்க் களரியில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனபோது மாணவிகளும் ஆடினார்கள். இங்கே கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அதெல்லாம் தெரிந்தும் நான் அப்பாவிடம் வாய் திறந்து கேட்டதில்லை. முப்பத்தி நாலு வயது வரைக்கும் கேட்கவில்லை.

சித்திரை நடுவில் ஒரு நாள் பின்னேரம். முற்றத்துப் புளியமரத்துக்குக் கீழே அப்பா மஞ்சள் பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்து வைத்து, விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ததிங்கிணதோம் என்று தாளத்தை முடித்துவைக்கிற தீர்மானம். முடியும் இடத்தில் கை நின்றுவிடும். திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவார். அரங்கேறாமல் போன கூத்து அவருடைய விரலில் கிடந்து துடித்த மாதிரி இருந்தது எனக்கு.

“அப்பா, எனக்கு ஒரு வரவு பழக்குவீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். “பொம்பிளப் புள்ள...” என்று தொடங்கி நிறுத்தினார். கடப்படிப் பக்கம் பார்த்தார். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. “இப்ப ஆரு வந்து பாக்கப் போறாங்க. நாளைக்கு வெள்ளாப்பில எழும்பு” என்றார்.

மறுநாளிலிருந்து விடியுமுன் அரை மணித்தியாலம். முற்றத்தைக் கூட்டி, ஈர்க்கில் அடையாளம் போகாத ஈர மண்ணில் அப்பா ஒரு தடியால் கோடு கீறுவார். முதல் கிழமை முழுக்க ஒரே ஒரு அடிதான். பாதம் எப்படி ஊன்ற வேண்டும், குதி எப்போது படவேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு. காலாலேயே எட்டு எழுதுவது போல ஓடி வந்து தாளம் தீருமிடத்தில் நிற்க வேண்டும். “கிறுகு, கிறுகு, நெஞ்ச நிமித்திக் கிறுகு” என்பார். அவருக்கு எழும்பி ஆடிக் காட்ட முடியாது. கதிரையில் இருந்துகொண்டு இரண்டு கையையும் கால் மாதிரி வைத்து மடியில் ஆடிக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் கால் போடப் பழகினேன். ஆட்டம் முடிந்தால் மண்ணில் என் காற்சுவடு கிடக்கும். எந்த அடி பிழைத்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பாட்டுக்கு அவருடைய பழைய கொப்பியை எடுத்தோம். அட்டை இல்லை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, நடுவில் சில தாள்களைக் காணவில்லை. காணாமல் போனது எது தெரியுமா? அபிமன்யு போருக்குப் போகுமுன் தாய் சுபத்திரையிடம் விடைகேட்கிற இடம். அப்பாவுக்குத் தன்னுடைய பாட்டு ஞாபகம் இருந்தது. அதற்குச் சுபத்திரை சொல்கிற மறுமொழி வரவில்லை. இரண்டு நாள் யோசித்தார். அந்தக் காலத்தில் சுபத்திரைக்கு ஆடியவர் இப்போது உயிரோடு இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை அப்பா தன் பாட்டைச் சொல்லி அந்த இடத்தில் வழமைபோல நின்றார். குசினிக்குள் இருந்து அடுத்த வரி வந்தது.

அம்மா. பிட்டு அவித்துக்கொண்டிருந்தா. முதுகைக் காட்டியபடியே, அடுப்பை ஊதுவதற்கு இடையில், சுபத்திரையின் பாட்டு முழுவதையும் பாடி முடித்தா. ஒரு சொல் இடறவில்லை. அப்பா வாளியில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

“உனக்கு இது எப்பிடித் தெரியும்?” என்று அப்பா கேட்டார்.

“நான் கூத்துப் பாக்கப் போகல்லியா? எத்தின கிழமைக்கூத்து. பாய விரிச்சுப் போட்டு விடிய விடிய இருந்த நாங்கதானே” என்றா அம்மா.

கலியாணம் முடித்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அப்பா களரியில் ஆடியபோது அம்மா வட்டத்துக்கு வெளியே பன்பாயில் இருந்திருக்கிறா. ஆடியவருக்குத் தன் பங்கு மட்டும்தான் மனப்பாடம். பார்த்தவவுக்கு எல்லாருடைய பங்கும். இதை நினைக்க எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. எத்தனை ஊரில் எத்தனை பெண்களிடம் இப்படி ஒரு முழுக் கூத்து கிடக்கிறதோ! சதங்கை கட்ட விடவில்லை, ஆனால் காதைப் பொத்த யாராலும் முடியவில்லை.

அதற்குப் பிறகு நாள் ஒரு ஒழுங்குக்கு வந்தது. விடிய ஆட்டம். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதி, ஒன்பது பேருக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குக் கையால் எழுதிய தாள்களைச் சேர்த்து வைப்பேன். நடமாட விட்ட நாட்களில் பக்கத்து வீட்டுத் தம்பி தன் அடையாள அட்டை முறை வரும்போது கொண்டுபோய்க் கொடுப்பான். அட்டையின் கடைசி இலக்கம் ஒன்று, இரண்டு என்றால் திங்கள், மூன்று, நாலு என்றால் செவ்வாய் என்று அப்போது முறை வைத்திருந்தார்கள். பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு நானும் அம்மாவும் திண்ணையில் இருப்போம். அம்மா சொல்லுவா, நான் சீ.ஆர். கொப்பியில் எழுதுவேன். அப்பாவின் பழைய கொப்பியில் உள்ளதையும் அம்மாவின் வாயில் உள்ளதையும் ஒப்பிட்டு, வேறுபடுகிற இடத்தில் இரண்டையும் எழுதினேன். சில சொல்லுக்கு அவர்கள் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றதும் உண்டு. வைகாசி பிறக்கும்போது 61 பக்கம் முடிந்திருந்தது.

ஊரடங்கு நாட்களுக்கு இலக்கு வைத்துக்கொள்வது பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன். ஊரடங்கின் தொடக்கத்தில் நானும் ஒரு நீண்ட பட்டியல் எழுதினேன். ஆங்கிலம், தையல், இணையத்தில் ஒரு பாடநெறி என்று ஏழெட்டு. ஒன்றும் இரண்டு நாள் தாண்டவில்லை. அந்த நேரத்தில் மனம் கிடந்த கிடைக்குப் பெரிய வேலை எதுவும் ஏறாது. நிலைத்தது இது ஒன்றுதான். ஏனென்றால் விடியற்காலையில் எனக்காக ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து காத்திருந்தார். பாயில் படுத்திருக்கிற எனக்கு அந்தக் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். எழும்பாமல் இருக்க மனம் வராது. உங்கள் வீட்டில் வயதான ஒருவர் இருந்தால், போனில் வகுப்புத் தேடுமுன் அவரிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். சமையலோ, பாய் இழைப்பதோ, வேளாண்மைக் கணக்கோ, என்னவாகவும் இருக்கட்டும். பழக்குகிறவருக்கும் அது மருந்து. அப்பா அந்த மாதங்களில் தொற்றுக் கணக்குக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

சதங்கை கடைசியாகத்தான் வந்தது. ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள், வேட்டித் துண்டில் சுற்றி, அப்பா பத்திரமாக வைத்திருந்தார். மணியெல்லாம் பச்சை பிடித்துப் போயிருந்தது. பழப்புளியும் சாம்பலும் போட்டு ஒவ்வொரு மணியாக விரல் நுனியால் தேய்த்தேன். ஒரு முழு மத்தியானம் அதற்குப் போனது. புளி பட்ட இடம் முதலில் செம்பு நிறமாகி, கழுவிய பிறகு மஞ்சளாக வெளிறியது. தோல் வார் வெடித்திருந்ததால் தடித்த துணியில் திரும்ப வைத்துத் தைத்தேன். இடது கால் சதங்கையில் மூன்று மணிக்குள் பரல் இல்லை. குலுக்கினால் சத்தம் வராது. மாற்றட்டுமா என்று கேட்டேன். “ஒண்ணா. அது நான் ஆடயிக்குள்ள விழுந்தது, கிடக்கட்டும்” என்றார்.

அந்த வருஷம் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கும் ஊர் கூடவில்லை. சடங்கை முடித்துவைக்கிற குளிர்த்தி என்றால் சாதாரணமாக எங்கள் பக்கம் சனம் நிறைந்து வழியும். 2020இல் கொஞ்சப் பேரோடு முடித்தார்கள். நாங்கள் வீட்டிலிருந்தே கும்பிட்டோம். இரவு நிலவு நன்றாக எறித்தது. அம்மா வாசலில் பாயை விரித்து இருந்தா. அப்பா வாளியைக் கவிழ்த்தார். பிறகு என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, குனிய முடியாமல் குனிந்து, தன் கையாலேயே சதங்கையைக் கட்டிவிட்டார். கட்டி முடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இருபது நிமிஷம் ஆடியிருப்பேன். வரவு, எட்டு, பிறகு தாயிடம் விடைகேட்கும் பாட்டு. சுபத்திரையை அம்மா இருந்தபடியே பாடினா. பிள்ளையைப் போருக்கு அனுப்ப மறுக்கும் அந்த வரியில் அம்மாவின் குரல் உடைந்தது. பாட்டு நிற்கவில்லை. 1990க்குப் பிறகு எங்கள் ஊரில் பிள்ளையைப் பறிகொடுக்காத தாய்மார் குறைவு. என் பெரியண்ணாவின் படம் உள்ளே சுவரில் இருக்கிறது.

தீர்மானம் வந்தது. நான் நின்றேன். முற்றம் அமைதியாக இருந்தது. ஊரடங்கு இரவு, நாய்கூடக் குரைக்கவில்லை. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டுக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வளவுப் பெரியப்பா. எண்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் கூத்துக்குச் சல்லரித் தாளம் போட்டவர். எத்தனை நாளாய் வேலி ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது.

“கடசித் தீர்மானத்தில கால் பிந்திப் போச்சு மனே. மறுகா ஒருக்கா ஆடு.”

அப்பா வாளியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். நான் திரும்பவும் முதலில் இருந்து ஆடினேன்.