பீரோவில் சாய்த்த பேஸ்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். போன மாதம் பழைய நண்பர்கள் கூடியபோது பேச்சு அவரவர் முதல் கருவிக்குப் போய்விட்டது. ஒருவர் கடன் வாங்கி வாங்கிய கதையைச் சொன்னார். இன்னொருவர் சாதாரணக் கிட்டாரில் மெல்லிய கம்பி இரண்டையும் கழற்றிவிட்டு அதையே பேஸ் என்று வாசித்தாராம். என்னுடையது ஹாஸ்டல் பையன் ஒருவனிடம் வாங்கியது, கொல்கத்தாவில் செய்தது. இப்போது நெக் வளைந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் வேறு எதிலும் வரவில்லை என்றே படுகிறது.

இப்போது ஒரு அக்கூஸ்டிக் பேஸ், அதாவது கரண்ட் இல்லாமல் மரப்பெட்டியிலேயே ஒலிக்கிற பேஸ், வாங்க ஆசை. மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போய்விடுகிறது. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாக ஏற முடியவில்லை. எதை வாங்கலாம்? பழையதை விற்றுவிடலாமா? உங்கள் முதல் பேஸ் எது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கேரல் ரவுண்ட்ஸுக்காக என்றால் வாங்க வேண்டாம். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது பேர் பாட, ஒருவர் டிரம் தட்ட, இரண்டு பேர் கிட்டாரை வறட்டு வறட்டென்று இழுக்கிற இடத்தில், ஆம்ப் இல்லாத அக்கூஸ்டிக் பேஸ் உங்கள் வயிற்றுக்கு மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் நிற்கிற டெனர்காரருக்குக்கூடக் கேட்காது.

கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸின் தடித்த கம்பி 41 முறை, சரியாக ஒரு ஸ்தாயி கீழே. அந்த 41-இன் ஒலியலை காற்றில் 8 மீட்டருக்கு மேல் நீளம். அதை அறைக்குள் தள்ள வேண்டுமானால் பெரிய பெட்டி வேண்டும். வயலின் குடும்பத்து டபுள் பேஸ் ஆள் உயரத்துக்கு நிற்பது அதனால்தான். சாதாரணக் கிட்டாரின் பெட்டிக்குள் இருக்கிற காற்று 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) வாக்கில்தான் நன்றாக முழங்கும். அக்கூஸ்டிக் பேஸின் பெட்டி அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆகவே அடிக்கம்பியை மீட்டும்போது வெளியே வருவது பெரும்பாலும் 82, 123 என்று மேலே அடுக்கிக்கொண்டு போகிற ஹார்மானிக்ஸ், அதாவது துணை அதிர்வுகள். அடிச்சுரத்தைக் காது தானாகவே போட்டு நிரப்பிக்கொள்கிறது.

காதுக்கு இது பழகிய வேலை. டிரான்சிஸ்டர் ரேடியோவின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் பேஸ் எங்கே வரும்? இளையராஜா பாட்டுகளின் பேஸை நாங்கள் மனப்பாடம் செய்ததோ அதில்தான். பிறகு கோயம்புத்தூரில் தனியார் டவுன் பஸ்ஸில், பெரிய ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்டபோது, கீழே இவ்வளவு நடந்திருக்கிறதா என்று இருந்தது. ராஜாவுக்கு நிறைய வாசித்தவர் சசிதரன், ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ். பேஸ் வாசிக்கிறவர்களைத் தவிர யாரும் இந்தப் பெயர்களைத் தேடுவதில்லை என்பது எனக்குத் தீராத குறை. அதை இன்னொரு நாள் புலம்புகிறேன்.

என் முதல் பேஸும் உங்களுடையதன் பங்காளிதான். குன்னூரில் கலைந்துபோன ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்து வந்தது. 12-ஆவது ஃபிரெட்டில் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பென்சிலை நுழைக்கலாம், அப்படி ஒரு ஆக்‌ஷன். ஆம்ப் வாங்கக் காசில்லை. எலக்ட்ரிக் பேஸை ஆம்ப் இல்லாமல் வாசித்தால் கம்பி உரசுகிற சத்தம்தான் வரும் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டில் பாட்டி காலத்து மர பீரோ ஒன்று இருந்தது. பேஸின் தலையை அதன் கதவில் அழுத்திச் சாய்த்துக்கொண்டு வாசித்தால் பீரோ மொத்தமும் பாட ஆரம்பித்துவிடும். நம் ஊர் வழக்கப்படி கம்பளி பூசணம் பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். ‘ஏ’ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டைத் தொட்டால் அந்த பல்பு ஹோல்டரில் கிடுகிடுவென்று ஆடும். வேறு எந்தச் சுரத்துக்கும் அசையாது. பீரோவுக்குப் பிடித்த சுரம் அது. எனக்கு ஒரே ஒரு அக்கூஸ்டிக் பேஸ் மனதுக்குப் பிடித்தது என்றால் அந்த பீரோதான். என்ன, தூக்கிக்கொண்டு போக முடியாது.

அமெரிக்காவில் எர்னி பால் 1972-இல் எர்த்வுட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மெக்சிகோவின் மரியாச்சி குழுக்களில் வாசிக்கிற கித்தரோன் என்கிற பெருவயிற்றுக் கருவிதான் அவருக்கு முன்மாதிரி. எலக்ட்ரிக் கிட்டாருக்குத் துணையாக எலக்ட்ரிக் பேஸ் இருக்கும்போது அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் ஒரு துணை வேண்டாமா என்று நினைத்தார். வயலன்ட் ஃபெம்ஸ் என்கிற அமெரிக்க ராக் குழுவின் பிரையன் ரிச்சி அதை வைத்தே பேர் வாங்கினார். ஆனால் மடியில் வைத்தால் கை சுற்றி வராத அளவு பெட்டி. சந்தையில் அது பெரிதாக எடுபடவில்லை. பின்னால் வந்த கம்பெனிகள் பெட்டியைச் சின்னதாக்கி, கம்பிகளின் அடிப்பக்கத்தைத் தாங்குகிற பிரிட்ஜுக்கு அடியில், அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற ஒரு பிக்‌அப்பை வைத்து, சத்தத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டன. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வழிதான். அதாவது கரண்ட் போனால் உங்களுக்கும் எனக்கும் ஒரே கதி.

சரி, அப்படியானால் அது எதற்கு? இரவு பத்து மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒயரும் ஹெட்ஃபோனும் இல்லாமல் எடுத்து வாசிக்க. ஒரு குரல், ஒரு கிட்டார், கூட நீங்கள் என்று மூன்று பேர் ஒரு அறையில் உட்கார. இதற்கு என்றால் தாராளமாக வாங்கலாம்.

எதை என்று கேட்டால், கையைப் பொறுத்தது. வழக்கமான எலக்ட்ரிக் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். ஓரளவு விலையில் கிடைக்கும் ஐபனீஸ், டகமினே, ஃபெண்டர் அக்கூஸ்டிக் பேஸ்களில் பல 32 அங்குலம், கை மாறாது. டெய்லரின் ஜிஎஸ் மினி பேஸ் 23.5 அங்குலம், மார்ட்டினின் ட்ரெட்நாட் ஜூனியர் பேஸ் 24. இந்தக் குட்டிகள் இரண்டும் அளவுக்கு மீறி நன்றாகப் பாடுகின்றன. டெய்லருக்கு நைலான் நடுநரம்பு வைத்த தனிக் கம்பி வேண்டும், மலையில் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஆன்லைனில் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி என்பதற்காக ஜம்போவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுகிறது, தோள் நிறையவே வலிக்கிறது.

நம் பக்கத்துக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். முகப்பு ஒற்றைப் பலகையாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஜூனில் மழை ஆரம்பித்து, விட்டு விட்டு டிசம்பர் வரை ஈரத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. ஒற்றைப் பலகை ஈரம் குடித்து உப்பும், பிரிட்ஜ் மேலே தூக்கும், அதோடு ஆக்‌ஷனும் ஏறும். ஜனவரிப் பனி நாட்களில் பகல் காய்ந்துவிட்டால் திரும்ப இறங்கும். கோத்தகிரி வீட்டில் சும்மா சுவரில் மாட்டிவைக்கப் போகிறீர்கள் என்றால் ஒட்டுப்பலகை முகப்பே போதும். பீரோவுக்குள் பல்புக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அங்கே பசை இளகிவிடும்.

முதல் கருவியின் சத்தம் வேறு எதிலும் வராது என்கிறீர்கள். நண்பர்கள் கூடினால் எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம், எனக்கு இதில் நம்பிக்கை போய்விட்டது. அந்தப் பென்சில் ஆக்‌ஷனோடு மல்லுக்கட்டிய என் இடது கை இன்றும் தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்துகிறது. நல்ல கருவி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. உங்கள் கூட்டத்தில் புத்திசாலி, கிட்டாரில் இரண்டு கம்பியைக் கழற்றியவர்தான். மிச்சமிருப்பதும் அதே ஈ, ஏ, டி, ஜி, ஒரு ஸ்தாயி மேலே. கையும் கெடவில்லை, காசும் போகவில்லை.

அதனால் பழையதை விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விற்பதற்கு முன் நெக்குக்குள் டிரஸ் ராட் (வளைவை நிமிர்த்துகிற இரும்புக் கம்பி) இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கத்தில் சின்ன மூடி இருக்கும், அல்லது நெக் முடிகிற இடத்தில் ஆலன் கீ போகிற துளை இருக்கும். இருந்தால் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டு, பிறகு பாருங்கள். நிமிர்ந்தால் கேரல் ரவுண்ட்ஸுக்கு அதுவே போதும். தோளில் மாட்டுகிற பேட்டரி ஆம்ப் ஒன்றை மட்டும் வாங்குங்கள், அக்கூஸ்டிக் பேஸ் விலையில் பாதிக்குள் முடிந்துவிடும். ராடே இல்லை என்றால் வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

கம்பி மங்கிவிட்டது என்றால் உடனே புது செட்டுக்கு ஓட வேண்டாம். கழற்றி, சுருட்டி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். அழுக்கு இறங்கிப் பளிச்சென்று பேசும். எடுத்ததும் துணியால் துடைத்து அடுப்பு ஓரத்திலேயே காய வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் மறுநாள் வரை விட்டால் துரு பிடித்துவிடும்.

கடைக்குப் போகும்போது கிட்டார் வாசிக்கிற ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பக்கத்தில் பிக் வைத்து அடித்து வாசிக்கட்டும், பேஸைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாசலில் நின்று கேளுங்கள். உங்கள் காதுக்குக் கேட்டால் வாங்குங்கள். கோயம்புத்தூர் வெயிலில் வாங்கி மேட்டுப்பாளையம் வழியாக ஏறி வந்ததும் கேஸைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள், பிறகு ட்யூன் பண்ணலாம்.

அன்புடன்.