நானோ வார்னிஷ் அடித்தால் கதவு வெளுக்காதா?

கேள்வி: வாசல் கதவுக்கு வார்னிஷ் அடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெயில் படுகிற கீழ்ப்பாதி மட்டும் வெளுத்து உரிகிறது. 'நானோ துகள் கலந்தது, வெயில் ஒன்றும் செய்யாது' என்று ஒரு டின்னை இரண்டு மடங்கு விலைக்குக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? பழைய பூச்சின் மேலேயே அடிக்கலாமா?

பதில்: முதலில் உரிந்து நிற்கும் செதில் ஒன்றைப் பெயர்த்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய மர நார்கள் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், கைவிட்டது வார்னிஷ் அல்ல, அதற்கு அடியிலிருந்த மரம். நார்களைப் பசைபோலப் பிடித்து வைத்திருப்பது லிக்னின். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத்தான் சிதைக்கிறது. சாதாரணத் தெளிவான வார்னிஷ் தண்ணீரைத் தடுக்கும், கதிரை அவ்வளவாகத் தடுக்காது.

நானோ வார்னிஷில் கலப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது சீரியம் ஆக்சைடு. முதல் இரண்டும் வெயிலுக்கு முகத்தில் பூசும் கிரீமிலும் இருப்பவைதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). துகளோ 100-க்கும் கீழே. அதனால் பூச்சு வெள்ளையாகத் தெரியாமல், மரத்தின் ரேகை தெரிகிறது. புற ஊதாக் கதிர் மட்டும் மாட்டிக்கொள்கிறது. வழக்கமான கரிம வகைத் தடுப்பான்கள் வெயிலில் தாங்களே மெல்ல அழிந்துவிடும். இந்தக் கனிமத் துகள்கள் அழியாது. ஆகவே விஷயம் உண்மைதான், வெறும் விளம்பரம் இல்லை.

ஆனால் 'ஒன்றும் செய்யாது' என்பது மிகை. துத்தநாக ஆக்சைடு சுமார் 380 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் தடுக்கும். அதற்கு மேலுள்ள ஊதா ஒளி மரத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். டைட்டானியம் இன்னொரு வம்பு: மேலுறை போடாத துகள் வெயிலில் தன்னைச் சுற்றியுள்ள வார்னிஷ் பிசினையே அரிக்கும். டின்னில் வெறுமனே 'நானோ' என்று மட்டும் இருந்து, என்ன துகள் என்று சொல்லவில்லை என்றால் நான் வாங்கமாட்டேன்.

கூரை நிழலில், சாய்ந்த வெயில் மட்டும் படும் கதவா? தாராளமாக வாங்குங்கள். நாள் முழுக்க நேர் வெயிலா? அந்தக் காசுக்கு இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த, பழுப்பேறிய ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு) வாங்குவதே மேல். ரேகை கொஞ்சம் மங்கும், ஆனால் நிறமி அளவுக்குத் தெளிவான பூச்சு எதுவும் தாங்காது.

பழைய பூச்சின் மேல் அடிக்க வேண்டாம். சிதைந்த மரத்தில் எதுவும் பிடிக்காது. முகமூடி போட்டுக்கொண்டு, சாம்பல் நிறம் போய்ப் புது மரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு அடியுங்கள். அப்புறம், டின்னை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். துகள் கட்டியாகிவிட்டால் பூச்சு பால் படிந்த மாதிரி தெரியும். அடுத்த கோட்டுக்கு உரியும்வரை காத்திருக்காதீர்கள். பளபளப்பு மங்கத் தொடங்கியதுமே லேசாகத் தேய்த்து ஒரு கோட் கொடுத்துவிடுங்கள்.