காரில் சைக்கிள் கொண்டுபோக கேரியர் வாங்கலாமா?

கேள்வி: எங்களுடையது ஹேட்ச்பேக் கார். நாங்கள் இருவர், 12, 8 வயதில் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் கொடைக்கானல் போகும்போது சைக்கிள்களையும் எடுத்துப்போக ஆசை. டிக்கிக் கதவில் பெல்ட் போட்டுக் கட்டும், மூன்று சைக்கிள் தாங்கும் கேரியர் ஆன்லைனில் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கேரியரைப் பார்ப்பதற்கு முன் காரின் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்த வகையில் பாரம் முழுவதையும் இழுத்துப் பிடிப்பவை மேலே உள்ள இரண்டு பெல்ட்டுகள்தான். பக்கவாட்டு பெல்ட்டுகளும் அடி பெல்ட்டுகளும் ஆட்டத்தை அடக்குவதற்கு. மேல் பெல்ட்டின் கொக்கி தகர விளிம்பில் உட்கார வேண்டும். இப்போது வரும் ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் அந்த இடத்தில் ஸ்பாய்லர், அதாவது பின்கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. கொக்கியை அதில் மாட்டினால் நாலைந்து வேகத்தடை தாண்டுவதற்குள் விரிசல் விடும். பெரிய பிராண்டுகள் எந்தக் காருக்கு எது பொருந்தும் என்று பட்டியல் தருகின்றன. ஆனால் இந்தியாவில் மட்டும் விற்கும் மாடல்கள் அதில் பெரும்பாலும் இருக்காது. ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்ற வரியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கடைக்குக் காரையே ஓட்டிப்போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது எடை. மூன்று சைக்கிள் கேரியர் என்றால் வழக்கமாக ஒன்றுக்கு 15 கிலோ, மொத்தம் 45 கிலோ கணக்கு. நம் ஊர் இரும்பு பிரேம் கியர் சைக்கிள் 16 கிலோவுக்குக் குறைவாக வருவது அபூர்வம். ஸ்டாண்டு, மட்கார்டு, கூடை எல்லாம் வைத்த பிள்ளைகள் சைக்கிளும் லேசானதல்ல. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி நின்று, வருவதில் உங்கள் எடையைக் கழித்தால் கணக்கு கிடைத்துவிடும்.

மூன்றாவது, பிரேமின் வடிவம். கேரியரின் இரண்டு கைகளில் சைக்கிளின் மேல் பார்தான் படுக்கும். லேடீஸ் மாடலிலும் பிள்ளைகள் சைக்கிளிலும் அந்தப் பார் சரிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதற்கு சீட் கம்பியிலிருந்து ஹேண்டில்பார் தண்டு வரை மாட்டும் அடாப்டர் பார் தனியாக விற்கிறார்கள். அதன் விலையையும் சேர்த்துப் பாருங்கள். 16 இஞ்ச் சக்கரம் வைத்த குட்டி சைக்கிள் என்றால் பிரேம் இரண்டு கைகளுக்கும் எட்டாமல் போகலாம். அது காருக்குள் வருவதுதான் நல்லது.

இத்தனைக்குப் பிறகு ஒரு விஷயம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவர சுமார் 5 கி.மீ.தான், வாடகை சைக்கிளும் அங்கேயே கிடைக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அந்த ஒரு சுற்றுக்காக என்றால் கேரியர் வீண் செலவு. வாடகைக்கு எடுத்ததும் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், பிள்ளையின் கால் தரையில் எட்டுகிறதா என்று பாருங்கள், போதும். மாதாமாதம் எங்காவது போகிற குடும்பம் என்றால்தான் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: கேரியர் வாங்கிவிட்டோம். கட்டும் முறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் துணியை எடுங்கள். கேரியரின் ரப்பர் பட்டைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே தூசி இருந்தால், வண்டி அதிர அதிர அது உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். ஊர் போய்ச் சேர்வதற்குள் பெயின்ட் மங்கிவிடும். இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள்.

கனமான சைக்கிள் முதலில், காரை ஒட்டி. அடுத்தது அதற்கு எதிர்த்திசையில், ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று முட்டாதபடி. பெடல் அடுத்த சைக்கிளின் பிரேமில் இடிக்கும் இடத்தில் பழைய ட்யூபைச் சுற்றிவிடுங்கள். முன்சக்கரம் திரும்பாமல் பிரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். தண்ணீர் பாட்டில், காற்றுப் பம்ப், குழந்தை சீட் எல்லாம் கழற்றிக் காருக்குள் போகட்டும். மழை என்று தார்ப்பாய் போட்டு மூட வேண்டாம், காற்று புகுந்து உப்பினால் பெல்ட்டையே இழுத்துவிடும். சீட்டுக்கு மட்டும் பாலிதீன் பை போதும்.

புகைக்குழாய்க்கு நேரே டயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் டயர் உருகும், வெடிக்கவும் செய்யும்.

இன்னொன்று, அகலம். 26 இஞ்ச் சைக்கிளின் நீளம் 170 செ.மீ.க்குக் குறையாது. வேகன் ஆரின் அகலம் 162 செ.மீ. ஆக இரண்டு பக்கமும் சக்கரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். பைக்காரர் உரசிப் போகிற ஊர்ச் சாலையில் அது ஆபத்து. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. நட்டு போட்ட சக்கரத்துக்கு பெரும்பாலும் 15 எண் ஸ்பேனர் சரியாக இருக்கும். டிஸ்க் பிரேக் என்றால் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் யாராவது லீவரைப் பிடிக்க, ஹைட்ராலிக் பிரேக்கில் பேடுகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே போகாது.

கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து உலுக்குங்கள். காரும் சேர்ந்து ஆட வேண்டும். கேரியர் மட்டும் ஆடினால் பெல்ட் தளர்வு. முதல் பத்துப் பதினைந்து கி.மீ.யில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், புது பெல்ட் கண்டிப்பாகக் கொஞ்சம் இளகும். பிறகு டீக்கு நிறுத்தும்போதெல்லாம் ஒரு கை வையுங்கள்.

கட்டிய பிறகு டிக்கி திறக்காது. மாத்திரை, தின்பண்டம், மாற்றுத்துணி எல்லாம் சீட்டுப் பக்கம் இருக்கட்டும். ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும் காரில் வழியில் பஞ்சர் ஆனால், எல்லாவற்றையும் அவிழ்த்தாக வேண்டும். கிளம்பும் முன் நான்கு டயரையும் நன்றாகப் பாருங்கள்.

கேள்வி: நம்பர் பிளேட் மறைந்தால் அபராதம் போடுவார்களா?

பதில்: போடலாம். பதிவெண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் உள்ளதுதான், சைக்கிள் கட்டியிருப்பதற்கு விலக்கில்லை. பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் மறைவது அதைவிட மோசம், பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடித்ததே தெரியாது. சைக்கிளை உயர்த்திப் பிடிக்கும் கைகள் கொண்ட மாடலாக வாங்குங்கள். கட்டிவிட்டு இருபது அடி தள்ளி நின்று, வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் காரின் கூரையில் ரெயில் இருக்கிறது. அதன்மேல் மாட்டலாமா?

பதில்: பல கார்களில் அந்த ரெயில் அழகுக்கு மட்டும், பாரம் தாங்காது. காரோடு வந்த கையேட்டில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் மாட்டலாம். அந்தக் கிலோ கணக்கில் ரெயில்மேல் போடும் குறுக்குக் கம்பி, சைக்கிள் நிற்கும் தட்டு இவற்றின் எடையும் அடக்கம். நிறுத்திவைத்த சைக்கிளோடு உயரம் 2.5 மீட்டரைத் தாண்டும், ஆகவே மால் பேஸ்மென்ட், ஹோட்டல் போர்ட்டிகோ பக்கமே போகாதீர்கள். உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: தெரிந்த வெல்டிங் பட்டறையில் பாதி விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டாம். விடாத அதிர்வில் வெல்டிங் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வரும், வெளியே தெரியாது. நடுச்சாலையில் கழன்றால் பின்னால் வரும் பைக்கில் இருப்பவர் தலைமேல்தான் விழும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய இறக்குமதி கேரியரில் ஒரு பெல்ட் குறைகிறது. விற்றவர் பதில் சொல்லவில்லை.

பதில்: பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்.ஆர்.பி. எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். படமெடுத்து, பில்லோடு வாங்கிய தளத்திலேயே முதலில் புகார் பதியுங்கள், அந்தப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கும் நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை கடையில் விற்கும் சாதாரண லக்கேஜ் பெல்ட்டைப் போட்டு ஓட்ட வேண்டாம். இனி வாங்குபவர்கள் பெல்ட்டும் கொக்கியும் தனி உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், வெயிலில் முதலில் நைந்துபோவது அவைதான்.