கோழியைத் தூக்கும் கீரி, நரிக்கு வரப்பில் சுருக்கு வைக்கலாமா?

வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பதும், அதற்கான முயற்சியும்கூட வேட்டைதான். கீரி, நரி, நீர்நாய் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. கோழி போனது சட்டத்தின் முன் காரணமாகாது. தூரிகைக்காகக் கீரி முடி கேட்டு வருபவர்களுக்கும் இதே பதில்தான்.

சுருக்கு என்பது பெரும்பாலும் பைக் கிளட்ச் ஒயரில் போட்ட ஓடுமுடிச்சு. தலை நுழைந்ததும் விலங்கு முன்னே தள்ளும். தள்ளத் தள்ள இறுகும். கழுத்தில் விழுந்தால் சாவு. இடுப்பில் விழுந்தால் இன்னும் கொடுமை: விடிய விடியத் துடிக்கும், ஒயர் சதைக்குள் இறங்கிவிடும். வருவது யாரென்று ஒயருக்குத் தெரியாது. உங்கள் வீட்டு நாயும் மாட்டும், வாய்க்காலோரம் மீன் தேடி வரும் நீர்நாயும் மாட்டும்.

எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் பொறி வைப்பது வேறு விஷயம். சம்பா நெல்லை வெட்டும் அந்த எலியைத்தான் கீரியும் நரியும் தின்கின்றன!

கோழிக்கூட்டுக்கு நெருக்கமான கம்பிவலை அடித்து, அடிப்பக்கத்தை ஒரு முழம் மண்ணில் புதையுங்கள், இருட்டுவதற்குள் அடைத்துவிடுங்கள். மாட்டிய விலங்கைக் கண்டால் இழுக்காதீர்கள். ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.