வெள்ளத் தண்ணீரும் நடக்கிற கால்களும்: கேள்வி பதில்

கே: தெரு வடிகால் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் தண்ணீர் தேங்காதுதானே?

ப: அதே வாட்டத்தில் ஆறு மடங்குக்கும் மேல் தண்ணீர் போகும். போய்ச் சேருகிற குழாய் பழைய அளவிலேயே இருந்தால் உங்கள் வெள்ளம் அடுத்த தெருவுக்குக் குடிபோகும், அவ்வளவுதான். ஒரு ஹெக்டேர் சிமெண்ட் தரையில் மணிக்கு 36 மில்லிமீட்டர் மழை பெய்து, சொட்டுகூட உள்ளே இறங்காவிட்டால், நொடிக்கு 100 லிட்டர் ஓடிவரும். கடைசி வாய்க்காலில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேல்நோக்கி வாருங்கள்.

அதற்கும் முன்னால் வடிகால் வாயைப் பாருங்கள். ஒரு மழை நாளில் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். வாய்க் கம்பிக்குள் டார்ச் அடித்தால் குழாயில் பாதிகூட இல்லை. கம்பிமேல் இலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் பாய் விரித்த மாதிரி ஒட்டியிருந்தன. இதற்கா புதுக் குழாய்?

கே: அடைத்துக்கொண்டால் நாமே மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடலாமா?

ப: கூடாது. கலங்கல் தண்ணீரில் திறந்த குழி கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர் உள்ளே போவார்.

கே: ரோட்டையே நடைபாதை மட்டத்துக்கு ஏற்றிப் போடும் கிராசிங் நல்லதா?

ப: மிக நல்லது. வண்டி தானாக வேகம் குறைக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தைவிட 50-இல் மோதும் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அந்த மேடை தண்ணீருக்கு ஓர் அணை. தண்ணீர் வரும் பக்கத்தில், மேடைக்கு முன்பே வடிகால் வாய் வேண்டும். ரோட்டுக்கு ஒருவரும் வடிகாலுக்கு ஒருவரும் தனித்தனியாகப் படம் போட்டால் இதுதான் விட்டுப்போகும்.

கே: மேடை ஓரத்தில் இடைவெளி விட்டால் போதுமே, தனி வாய் எதற்கு?

ப: சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில்தான் மாட்டும்.

கே: கம்பி மூடி போடலாமே?

ப: போடலாம். கம்பிகள் நடக்கிற திசைக்குக் குறுக்கே, இடைவெளி 13 மில்லிமீட்டருக்குள்.

கே: அவ்வளவு சின்ன இடைவெளி சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமே!

ப: அடைக்கும். அதனால்தான் முன்பே தனி வாய் என்றேன். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்துவிட்டீர்கள்!

கே: 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை போன வருடம் வந்துவிட்டது. இனி நிம்மதிதானே?

ப: ஒவ்வோர் ஆண்டும் 10 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்தது மேகத்துக்கு நினைவிருக்காது.

கே: வெள்ளத்துக்குப் பின் சுவரில் ஈரம்...

ப: கட்டடக்காரரைக் கேளுங்கள்.

கே: ரோட்டில் ஓடும் தண்ணீர் எவ்வளவு ஆழம் வரை நடக்கலாம்?

ப: வேகமாக ஓடினால் 15 சென்டிமீட்டரே பெரியவரைச் சாய்த்துவிடும். காத்திருங்கள்.

கே: மேன்ஹோலைத் திறந்து, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினால்?

ப: அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். திறக்காதீர்கள்.